எச்சில் படாத குவியல்

1

போன வாரம் கல்லிடைக்குறிச்சியிலிருந்து என் சித்தி பெண் வந்திருந்தாள். காப்பி டம்ளரைக் கீழே வைப்பதற்கு முன்பே கேட்டுவிட்டாள்: "ஏண்டி அலமு, சாமிக்குப் போற பூச்செடிக்கு நீ எச்சில் இலையைப் போட்டு வளர்த்தயாமே? நம்ம தெருவில எல்லாரும் சொல்றா."

ஆரியங்காவு மலையைக் குடைந்துகொண்டு வரும் ரயிலுக்காவது ஒரு ராத்திரி வேண்டியிருக்கிறது. வம்புக்கு டிக்கெட்டும் வேண்டாம், வண்டியும் வேண்டாம். திருவனந்தபுரத்துக் கரமனையில் ஒருத்தி தும்மினால் கல்லிடைக்குறிச்சியில் ஆயுசு சொல்கிறார்கள்.

நான் பத்திரிகைக்கு எழுதுகிறவள் இல்லை. என் தம்பிக்குத் தெரிந்த ஒருவர் நம்மூர்ப் பக்கம் மாதப் பத்திரிகை நடத்துகிறார். வெளி ராஜ்யத்தில் குடியேறினவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் போடுவதாகச் சொன்னாராம். நாலு பேர் வாயில் அகப்பட்டு உருமாறிப் போன கதையை நானே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். என் இடம் போய்விட்டது, குவியலும் போய்விட்டது. மானத்தையாவது எழுதி வைத்துக்கொள்கிறேன்.

திருவனந்தபுரம் என்ன பர்மாவா, பினாங்கா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். இங்கே ராஜா வேறு, காசு வேறு, மாசத்தின் பெயர் வேறு, சர்க்கார் கச்சேரியில் எழுதுகிற எழுத்து வேறு. முப்பது வருஷத்துக்கு மேல் இந்த அக்கிரகாரத்தில் குடியிருந்தும் வெளித்தெரு மலையாளிகளுக்கு நாங்கள் இன்னும் பாண்டிக்காரர்கள்தான். நம்மூருக்கு வந்தால் நீங்கள் என்னை மலையாளத்து அலமு என்கிறீர்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பட்டம் காத்திருக்கிறது.

2

என் அகத்துக்காரர் போனபோது பிள்ளை சுப்புணி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். சேமிப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் தெரு வீடுகளுக்குப் பின்னால் கரமனை ஆற்றை நோக்கி இறங்கும் ஒரு துண்டு நிலம் உண்டு. அது சமூகத்துக்குச் சொந்தம். சமூகம் என்றால் இங்கே அக்கிரகாரத்தின் கோவில், மடம், பொதுக் காரியம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற ஆண்களின் கூட்டம். அவர்கள் என் மேல் இரக்கப்பட்டு அந்த நிலத்தை எனக்கு விட்டார்கள். தினமும் கோவிலுக்குப் பூவும் துளசியும் கொடுக்க வேண்டும். வருஷத்துச் சமாராதனைச் சாப்பாட்டுக்குக் காய் கொடுக்க வேண்டும். மிச்சம் என்ன விளைந்தாலும் எனக்கு. நிபந்தனை ஒன்றே ஒன்று, சுத்தம்.

பூ வைத்துக்கொள்கிற யோகம் போன பிறகு பூச்செடி வளர்ப்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. அந்த நிலம்தான் என் பிள்ளையைப் படிக்கவைத்தது. யுத்தம் வந்து பர்மா அரிசி நின்று, சாலை பஜார்க் கடைகளில் நம் திருநெல்வேலிப் பிள்ளைமார்களே கையை விரித்தபோது, அந்த நிலத்துச் சேனையும், மத்தங்காய் என்று இங்கே சொல்கிற பூசணியும்தான் எங்கள் வயிற்றைக் கழுவின. இதைச் சொல்லிவிட்டால் மற்றது உங்களுக்குப் புரியும். அது எனக்கு வெறும் கொல்லை இல்லை.

மண் என்னவோ வெறும் செங்கல் பொடி. எரு போட்டால்தான் ஏதாவது முளைக்கும். நம்மூரில் எருவென்றால் குழி. வெட்ட வேண்டியது, சாணியும் குப்பையும் கொட்ட வேண்டியது, மேலே மண்ணைத் தள்ள வேண்டியது, மீதியை வெயில் பார்த்துக்கொள்ளும். என் அப்பா அப்படித்தான் செய்தார். நானும் இங்கே வந்து அதையே செய்தேன். தாமிரபரணிக் கரையில் பிறந்தவள் வேறு என்ன செய்வாள்?

இடவப்பாதி என்று இங்கே ஒரு மழை உண்டு. இடவ மாசம், அதாவது நம் வைகாசி, பாதியில் வானம் பொத்துக்கொண்டால் நாள்கணக்கில் மூடாது. என் குழி குளமாயிற்று. வாழைத்தோலும் பூசணிக் குடலும் அதில் மிதந்தன. புளித்த நாற்றம் தெரு முழுக்க எழுந்து, எல்லா வீட்டிலும் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டார்கள். சுகாதாரம் பார்க்கிற உத்தியோகஸ்தர் ஒருவர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஈ குழி உடனே மூடணும்" என்றார். இந்தக் குழியை மூடச் சொல்கிறார் என்பது புரிந்தது, அதற்கு மேல் அவர் சொன்ன சட்டமெல்லாம் எனக்கு விளங்கவில்லை. சுப்புணி ஓடி வந்து நடுவில் நின்று அவருக்கும் எனக்கும் மாறி மாறிச் சொன்னான். அம்மாவுக்கு மலையாளம் அறியாது என்று அவரிடம் சிரித்துக்கொண்டே வேறு சொன்னான். நானும் சிரித்தேன். பிள்ளை சாமர்த்தியமாகப் பேசுகிறானே என்று எனக்குப் பெருமை.

குழியை மூடினேன். மூடிய இடத்தில் ஈரம் போகாமல் அடுத்த வருஷமும் நாறிக்கொண்டிருந்தது.

3

மீனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பெயரை எழுதும்போதே கை சுடுகிறது.

மீனா பக்கத்து வீடு. அங்கேயும் பக்கத்து வீடுதான், கல்லிடைக்குறிச்சியில் ஒரே தெருவில் பிறந்தோம். எனக்குக் கல்யாணமான அதே வருஷம் அவளுக்கும் கரமனையிலேயே சம்பந்தமாயிற்று. நாகர்கோவில் வழியாக மாட்டு வண்டியில் வந்தபோது இரண்டு பேரும் ஒரே போர்வையைப் பிடித்துக்கொண்டு அழுதோம். அவள் பிரசவத்துக்கு நான் கஞ்சி வைத்தேன். என் அகத்துக்காரர் போன அன்று என் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தது அவள்தான். அவள் புருஷன் கச்சேரியில் ஹெட்கிளார்க்காகி, வீட்டுக்கு மாடி எழும்பின பிறகும் எங்களுக்குள் வாடி போடிதான்.

குழி நாறின கதையைக் கேட்டு அவள்தான் சொன்னாள். "மண்ணுக்குள்ள புதைச்சாத்தானேடீ தண்ணி நிக்கறது. மேலே குவிச்சுப் பாரேன். நடுநடுவில தண்ணியைக் குடிக்கறாப்பலே ஏதாவது போடு."

ஆற்றோரம் நாணு ஆசாரி என்று ஒருவர் கதவும் கட்டிலும் செய்கிறவர். பலா, அயனி மரங்களை வாய்ச்சியால் செதுக்கித் தள்ளின சிராய் அவர் கொட்டகைக்கு வெளியே மலையாகக் கிடக்கும். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு சிராய் வேண்டும் என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. நான் குனிந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டின பிறகு, "சீளோ, இதெந்தினா அம்மா, அடுப்பிலிடானோ?" என்றார். சிராய்க்கு இங்கே சீள் என்று பெயராம். அடுப்புக்கு இல்லை, பழந்தோலுக்கு நடுவில் போட என்றதும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. துக்கத்தில் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார். இருந்தாலும் கூலியாள் தலையில் இரண்டு கூடை அனுப்பினார். அப்புறம் மாசத்துக்கு ஒரு மத்தங்காய் என்று பேச்சு.

அடியில் குச்சி, அதன் மேல் ஒரு சாண் உயரத்துக்குச் சிராய், அதன் மேல் காய்கறித் தோல், மறுபடியும் சிராய், ஒரு குடம் சாணிக் கரைசல். மேலே முடைந்த தென்னோலை. மழை பெய்தால் சிராய் குடித்துக்கொள்ளும், வெயில் அடித்தால் அதுவே ஈரத்தைக் கொடுக்கும். நாற்றம் இல்லை. பலாமரச் சிராய் நனைந்தால் ஒரு இனிப்பு வாசனை வரும், அதுதான் வந்தது. நடுவில் கையை விட்டால் வெந்நீர்ப் பானை மாதிரி சூடு. விடியற்காலையில் குவியலிலிருந்து ஆவி எழும்புவதை மீனாவும் நானும் நின்று வேடிக்கை பார்ப்போம்.

எடுத்த எடுப்பில் எல்லாம் சரியாகவில்லை. அவசரத்தில் மக்காத சிராயைத் தெச்சிப் பூச்செடியின் அடியில் கொட்டினேன், செடியெல்லாம் வெளுத்துப் போயிற்று. மக்கினதைச் சலித்து எடுத்துக்கொண்டு, முரட்டுச் சிராயைத் திரும்பக் குவியலிலேயே போட வேண்டும் என்று பட்டுத் தெரிந்துகொண்டேன். அதற்கப்புறம் அந்தச் செங்கல் மண் கறுத்தது.

குவியலில் எது விழலாம் என்பதில்தான் நான் ராட்சசி. நம் வீடுகளில் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரிந்த தோலும் விதையும் ஒரு கூடை, அது குவியலுக்கு. சமைத்ததில் மிஞ்சினது பத்து, அதாவது மடிக்கு ஆகாதது, அது மாட்டுக்கு. சாப்பிட்ட இலை எச்சில், அது தெருக்கோடித் தொட்டிக்கு. பூ சாமிக்குப் போகிறது, அதனால் எச்சில் பட்ட ஒரு நறுக்குகூட அந்தப் பக்கம் வரக்கூடாது. மீனா வீட்டிலும் பலாச் சக்கை மடலும் சேனைத் தோலும் மலிந்து கிடக்கும். அவளும் தன் கூடையைக் கொண்டுவந்து இதிலேயே கொட்டுவாள். வருகிற காயில் பாதி அவளுக்கு. எழுதிக்கொள்ளாத கூட்டு, வருஷக்கணக்காக ஒரு சொல் பிசகாமல் நடந்தது.

4

சுப்புணி வளர்ந்தான். கணக்குப் போடும்போது வாய்க்குள் மலையாளத்தில் எண்ணுவான். தமிழ்ப் பத்திரிகை வாங்கி வைத்தால் படம் மட்டும் பார்ப்பான். நான் நம்மூர்க் கதை எதையாவது ஆரம்பித்தால், "சாரமில்லே அம்மா, அதெல்லாம் பழசு" என்பான். சாரமில்லை என்றால் பரவாயில்லை என்று அர்த்தம். அவனுக்கு எதுவுமே பரவாயில்லை. ஒரு வேலை கிடைக்காததைத் தவிர.

இந்த நாட்டுக்காரன்தான் என்று காட்டினால்தான் உத்தியோகம். அவன் பிறந்தது கரமனையில். அதைச் சொல்ல ஒரு சர்டிபிகேட் வாங்க, பகுதிக் கச்சேரிக்காரர் தாலூகாவுக்கு அனுப்பினார், தாலூகாக்காரர் தகப்பனார் பிறந்த ஊர் பிரிட்டிஷ் ராஜ்யம் ஆயிற்றே என்று திருப்பி அனுப்பினார். செத்துப்போன மனுஷர் எந்தத் தொட்டிலில் கிடந்தார் என்பதற்கு உயிரோடிருக்கிறவன் அலைந்தான். கடைசியில் மீனாவின் புருஷன் ஒரு வார்த்தை சொல்லி அந்தக் காகிதத்தை நகர்த்திக் கொடுத்தார். வேலையும் பார்த்துத் தருகிறேன் என்றார். அன்றிலிருந்து சுப்புணி அந்த வீட்டுப் படியிலேயே கிடந்தான்.

போன இடவ மாசம் மீனா தன் பேரனுக்குப் பூணூல் போட்டாள். அந்தப் பஞ்சத்திலும் தெரு முழுக்கச் சாப்பாடு. அன்று சாயங்காலம் பேய்மழை. மறுநாள் காலையில் சுப்புணி பல் தேய்த்துக்கொண்டே வந்து சொன்னான்.

"அம்மா, நேத்திக்கு மாமியாத்து எச்சில் இலையெல்லாம் நம்ம குவியல்ல கொண்டு கொட்டிட்டா. வேலைக்காரி தூக்கிண்டு வந்தா, மாமி குடை பிடிச்சிண்டு பக்கத்திலே நின்னா. நான் அவாத்து மாடியிலேந்து பாத்தேன்."

எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. போய் ஓலையைத் தூக்கிப் பார்த்தேன். பாயசமும் மோரும் ஒழுகிக்கொண்டு அத்தனை இலையும் கிடந்தது. ஓலையைக் கையிலிருந்து போட்டேன். நேரே அவள் வீட்டுக்குப் போனேன்.

மீனா என்னைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். "அலமு, தெருக்கோடியில இடுப்பளவு தண்ணிடீ. வாசல்ல குவிச்சு வெச்சா நாய் இழுக்கும், சம்பந்தியாத்துக்காரா பார்த்துச் சிரிப்பா. புத்தி கெட்டுப் போச்சு. யார்கிட்டயும் சொல்லிடாதே. சமூகத்துல தெரிஞ்சா இவருக்குத் தலைகுனிவு. நம்ம ஊர் மேல ஆணையா இனிமே நடக்காது."

அழுதாள். நிஜமான அழுகைதான். நானும் கரைந்துபோனேன். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். சுப்புணியிடமும் வாயை மூடிக்கொள்ளச் சொன்னேன்.

இலையை மண்வெட்டியால் தள்ளிப் பார்த்தேன், பாதிதான் வந்தது, மீதி மழையில் ஊறிச் சிராயோடு ஒட்டிக்கொண்டது. அந்தக் குவியலையே விலக்கிவிட்டேன். அதிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பூச்செடிக்குப் போடவில்லை. மேட்டில் புதிதாக வேறு குவியல் ஆரம்பித்தேன். நான் இப்படிச் செய்ததை மீனா தினமும் தன் கண்ணால் பார்த்தாள். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

5

சமூகத்தின் காரியஸ்தர் ஆற்றில் குளிக்க என் நிலத்தை ஒட்டித்தான் இறங்குவார். ஒருநாள் ஒரு நாய் அந்தப் பழைய குவியலைப் பறித்து, பாதி மக்கின இலை ஒன்றை வழியில் இழுத்துப் போட்டிருந்தது. நுனி மடித்த சாப்பாட்டு இலை. யார் பார்த்தாலும் தெரியும். அவர் ஈர வேஷ்டியோடு கோவிலுக்குப் போய் இரைந்துவிட்டார். அன்றைக்கே நான் கொடுத்த பூவை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சமூகம் கூடும் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

எனக்குப் பயமில்லை. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். மீனாவே சொல்லிவிடுவாள் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். அவள் கொல்லைப் பக்கம் வரவே இல்லை. மூன்றாம் நாள் நானாகப் போனேன். தலைவலி, படுத்திருக்கிறாள் என்று மருமகள் சொன்னாள்.

"நீ பார்த்தவன். வாக்குக் கொடுத்தது நான். நிலமே போற நிலைமை வந்தா நீ சொல்லிடு" என்று சுப்புணியிடம் சொன்னேன். தலையை ஆட்டினான்.

கோவில் மண்டபத்தில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். பெண்கள் பக்கத்து வாசலுக்கு வெளியே நின்றோம். பெண்பிள்ளை சபையில் பேசுகிற வழக்கம் கிடையாது. கேட்டால் பதில் சொல்லலாம், அவ்வளவுதான். வீட்டுக்காக ஆண்பிள்ளைதான் எழுந்து பேச வேண்டும். எனக்கு ஆண்பிள்ளை சுப்புணி. மீனா எனக்கு ஒரு கை தூரத்தில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

காரியஸ்தர் கேட்டார்: "இந்தக் குவியல்ல எச்சில் விழுந்திருக்கு. இது யாரோட காரியம்?"

மீனாவின் புருஷன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். "பக்கத்தாத்துக்காரா, சொல்ல மனசு வரல்லை. என் ஆத்துக்காரி பல தடவை சொல்லிப் பார்த்திருக்கா. குவியல் சீக்கிரம் மக்கணும்னு எல்லாத்தையும் போடறா, எடுத்துச் சொன்னா கேக்கறதில்லைன்னு என்கிட்டயே வருத்தப்பட்டிருக்கா."

காரியஸ்தர் வாசல் பக்கம் திரும்பினார். "அப்படியா, மீனாட்சி?"

அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "ஆமாம். சொன்னேன். அவ கேக்கல்லை" என்றாள்.

ஒரு கை தூரம். அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது. சின்ன வயசில் ஒரே மாங்காயை மாறி மாறிக் கடித்தவள். அந்த எச்சிலை நான் கணக்குப் பார்த்ததில்லை. கூட இருந்தே குழி பறிப்பது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அது அப்படிப் பக்கத்தில், அவ்வளவு சன்னமான குரலில் நடக்கும் என்று தெரியாது. நான் கோபப்படக்கூட மறந்துபோய் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது சுப்புணி எழுந்தான். அப்பாடா என்று இருந்தது. கண்ணால் பார்த்தவன், படித்தவன், சபையில் பேசத் தெரிந்தவன். வாக்கு கெட்டாலும் கெடட்டும், அவள் முறித்ததை நான் மட்டும் எதற்குக் கட்டிக்கொண்டு கிடக்க வேண்டும் என்று நினைத்தேன்.

சுப்புணி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "அம்மாவுக்கு வயசாயிடுத்து. அப்பா போனதிலேந்து மனசும் அத்தனை சரியில்லை. அறியாமப் பண்ணினது. அம்மாவுக்காக நான் மாப்புக் கேக்கறேன். பெரியவா க்ஷமிக்கணும்."

மண்டபத்தில் எல்லாரும் "பாவம்" என்றார்கள். பிள்ளையின் அடக்கத்தைப் பற்றி யாரோ ஒருவர் நல்லதாகச் சொன்னார். மீனாவின் புருஷன் அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

நான் வாயைத் திறக்கலாமா என்று யோசித்தேன். திறந்தால் என் பிள்ளையைச் சபை நடுவில் பொய்யன் என்று சொல்ல வேண்டும். இவன் பொய்யன் என்று தாயே சொன்ன பிள்ளைக்கு இந்தத் தெருவில் யார் பெண் கொடுப்பார்கள்? திறக்காவிட்டால் நான் சாமிக்கு எச்சில் பூக் கொடுத்தவள். மீனா செய்தது துரோகம் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. இவன் செய்ததற்கு நான் என்ன பெயர் வைப்பேன்? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

தீர்ப்பு கருணையாகத்தான் வந்தது. குவியல் இரண்டையும் ஆற்றில் தள்ள வேண்டும். நிலத்தில் பஞ்சகவ்யம் தெளிக்க வேண்டும். ஏகாதசி அன்று நான் பிராயச்சித்தம் செய்து, கோவிலில் எல்லாருக்கும் எதிரில் தப்பை ஒப்புக்கொண்டு நமஸ்காரம் பண்ண வேண்டும். பண்ணினால் நிலம் என்னிடமே இருக்கும்.

கூட்டம் கலைந்தபோது மீனா என்னைத் தாண்டிப் போனாள். "நிலம் போகல்லையேடீ" என்று காதோரம் முணுமுணுத்தாள். எனக்கு உபகாரம் பண்ணினது போல.

6

சுப்புணிக்கு வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். கிடைத்தது. இப்போது குடை பிடித்துக்கொண்டு கச்சேரிக்குப் போகிறான். நான் நமஸ்காரம் பண்ணவில்லை, அதனால் நிலம் போயிற்று. அதைச் சமூகம் மீனா வீட்டுக்குக் கொடுத்திருக்கிறது. என் கறுத்த மண்ணில் அவர்கள் மரச்சீனி, நம்மூர் மரவள்ளி, போட்டிருக்கிறார்கள். எட்டிப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தாலும் கொல்லைக் கதவைத் திறந்தால் கண்ணில் படுகிறது. நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறது. ஊரை விட்டு வந்தவளுக்கு ஊர்க்காரிதான் ஊர் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். வெளித்தெருக்காரன் பாண்டிக்காரி என்று சொன்னபோதெல்லாம் எனக்கு ரோசம் வந்ததே தவிர, வலித்ததில்லை. இது வலிக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைச் சொல்லி முடிக்கிறேன்.

கோவிலிலிருந்து வந்ததும் இலை போட்டேன். என்ன நடந்தாலும் பிள்ளைக்குப் பசிக்குமே. குழம்பை ஊற்றினேன். நன்றாகச் சாப்பிட்டான். முகத்தில் ஒரு தெளிச்சல். காரியத்தைச் சாதித்துவிட்டு வந்தவன் மாதிரி இருந்தான்.

"நீ பார்த்தயா இல்லையாடா?" என்று கேட்டேன்.

"எதை?"

"இலை கொட்டினதை."

சாதத்தைப் பிசைந்தான். "பார்த்தேன். அதுக்கென்ன இப்போ? சத்தியம் சொல்லியிருந்தா மாமாவும் மாமியும் சேர்ந்து இல்லைன்னு சாதிச்சிருப்பா. நம்ம பேச்சை யார் நம்புவா? நிலமும் போயிருக்கும், என் வேலையும் போயிருக்கும். இப்போ ரெண்டும் இருக்கு. ஒரு நமஸ்காரம்தானே அம்மா. சாரமில்லே."

"எனக்குப் புத்தி சரியில்லைன்னு சொன்னயே."

"அப்படிச் சொன்னாத்தான் விடுவா. மனசிலாச்சா?"

புரிந்தது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறே என்று நம் ஊரில் சொல்வதை நான் ஏதோ பேச்சுக்குச் சொல்வது என்று நினைத்திருந்தேன். அவன் எனக்குக் கெடுதல் பண்ண நினைக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்னைக் குனியவைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து மோர் கேட்கிறான்.

மோரை ஊற்றினேன். "நான் நமஸ்காரம் பண்ணப் போறதில்லை. நிலத்தை அவா எடுத்துக்கட்டும். போய்ச் சொல்லிடு" என்றேன்.

"என்ன வாசி அம்மா இது, இத்தனை பிடிவாதம்? அந்த நிலம் இல்லாட்டா நாம என்ன சாப்பிடறது?"

"நீதான் உத்தியோகம் பார்க்கப் போறயே. வாங்கிப் போடு."

அவன் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டான். சாப்பிட்டு முடித்து, வழக்கம்போல் எழுந்து கை அலம்பப் புறப்பட்டான். எங்கள் வீடுகளில் ஆண்பிள்ளை இலை எடுக்கிற வழக்கமில்லை. அவன் அப்பா எடுத்ததில்லை, இவனும் பிறந்ததிலிருந்து எடுத்ததில்லை. நான்தான் குனிந்து எடுத்து, அந்த இடத்தைச் சாணி போட்டு மெழுகுவேன். அன்றைக்கு நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

"உன் எச்சில் இலையை நீயே எடு" என்றேன்.

முதலில் விளையாட்டு என்று நினைத்தான். என் முகத்தைப் பார்த்தான். குனிந்து, பழக்கமில்லாத கையால் இலையை மடித்தான். மோர் தரையெல்லாம் வழிந்தது. இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கொல்லைக் கதவு வரை போய், அங்கேயே நின்றான். எந்தப் பக்கம் போவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"அம்மா, இதை எங்கே போடறது?"

"பக்கத்தாத்து மாமியைக் கேளு" என்றேன். "அவளுக்கு இடம் தெரியும். நீதான் பார்த்தயே."